பையை யார் பாத்துக்கிறது?

குற்றாலத்துக்குக் குடும்பத்தோட போனவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். பத்துப் பேர் போனா ஒம்பது பேர்தான் குளிக்கலாம். மிச்சம் ஒருத்தர் ஈரம் படாத இடமாப் பாத்து உக்காந்து எல்லாரோட துணி, பர்ஸு, வாட்ச்சு, மூக்குக்கண்ணாடி, செல்போனைக் காவல் காக்கணும். எங்க குடும்பத்துல அந்த வேலை ஆச்சியோடது. மெயின் அருவியோ ஐந்தருவியோ, ஒரு பெரிய மஞ்சப்பையை மடியில வச்சுகிட்டு உக்காந்துருவா. எல்லாரோட பொருளும் அந்த ஒரே பையிலதான். ஆனா சித்தப்பா பர்ஸை நான் போய்க் கேட்டா தரமாட்டா. "அவனையே வரச் சொல்லுல" என்பா. அதே மாதிரி ஒரே ஆள் ரெண்டு பேண்ட்டு, பெரிய டவல், சோப்பு டப்பான்னு திணிச்சா, "மத்தவங்க சாமானுக்கு எடம் வேண்டாமா?"ன்னு வெளிய எடுத்துப் போட்டுருவா.

பின்னாடி இன்ஜினியரிங் காலேஜ்ல பெர்மிஷன், கோட்டான்னு ரெண்டு தலைப்பு நடத்தினப்ப எனக்குப் புதுசா ஒண்ணுமே தெரியல :-)

ஆச்சி இப்ப இல்லை. போயி மூணு வருஷமாச்சு. இந்த சீசனுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப சாரல் நல்லா அடிச்சுகிட்டு இருந்துச்சு. ராத்திரி பார்டர்ல பரோட்டா சாப்பிட்டுட்டு வர்ற வழியில சித்தி மகன் கேட்டான்.

"அண்ணே, ஒரு கம்பெனிய விட்டு வந்தப்புறம் அங்க எச் டிரைவ்ல கெடந்த ஃபோல்டரை எடுக்க முடியுமா?"

"என்னல இருந்துச்சு அதுல?"

"ஆச்சி பேசுனதெல்லாம்ண்ணே."

அவன் காலேஜ் படிக்கும்போது லீவுக்கு வர்றப்பல்லாம் ஆச்சியைப் பேச வச்சு செல்போன்ல ரெக்கார்ட் பண்ணுவான். சொதி வைக்கிற பக்குவம், உளுந்தங்களி கிண்டுறது, தாத்தா வேலை தேடி கொழும்புக்குப் போறேன்னு கெளம்பி பாதியிலயே திரும்பி வந்த கதை, இப்படி மொத்தம் 41 துண்டு. போன்ல இடம் பத்தாம ஆபீஸ் லேப்டாப்புக்கு மாத்தினான். "லேப்டாப் டிஸ்க் புட்டுகிச்சுன்னா என்ன பண்றதுண்ணே?"ன்னு என்கிட்டதான் கேட்டான். நானும் பெரிய புடுங்கி மாதிரி, "உங்க ஆபீஸ்ல உனக்குன்னு நெட்வொர்க் டிரைவ் குடுத்திருப்பாங்கல்ல, அதுல போட்டு வைல. தினம் ராத்திரி பேக்கப் எடுப்பாங்க. உன் லேப்டாப்பை விட அது நூறு மடங்கு பத்திரம்"னு சொன்னேன்.

சொன்னதுல தப்பில்லை. பாதிதான் சொன்னேன், அதுதான் தப்பு. சொல்லாம விட்ட மிச்சப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு. நம்ம சொந்த ஃபோல்டர் அடுத்தவன் மெஷின்ல போய் உக்காந்த கதையை ஆரம்பத்துல இருந்து பாத்தாதான் எங்க கோட்டை விட்டேன்னு புரியும். அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

முதல்ல எல்லாமே பொதுப் பைதான்

சொந்த டிஸ்க்னு ஒண்ணு முதல்ல இருந்து, அப்புறம்தான் பொது டிரைவ் வந்துச்சுன்னு நாம நினைச்சுக்கிறோம். நடந்தது தலைகீழ். ஆரம்பத்துல கம்ப்யூட்டரே ஊருக்கு ஒண்ணுதான். 1961 நவம்பர்ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவர் கூட்டாளிகளும் சி.டி.எஸ்.எஸ்.னு ஒரு டைம் ஷேரிங் சிஸ்டத்தை ஓட்டிக் காட்டினாங்க. ஒரு மெஷின்ல ஒரே நேரத்துல பல பேர் வேலை பாக்கலாம். அப்ப ஆளாளுக்கு ஃபைல் இருக்கும்ல? என் ஃபைலை நீ நோண்டக் கூடாதுங்கிறதுக்காக ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வந்துச்சு. இன்னைக்கு நாம மறந்துட்டு மறந்துட்டு முழிக்கிற சமாச்சாரம் பொறந்ததே ஒரு பொது டிஸ்க்ல தனித்தனி இடம் ஒதுக்கத்தான்.

அந்தக் காவல் எப்படி ஒரு நாள் கவுந்துச்சுங்கிறதும் பதிவாகி இருக்கு. 1966-ல அதே சிஸ்டத்துல ஒரு அட்மின் பாஸ்வேர்ட் ஃபைலைத் திருத்திகிட்டு இருக்கார். இன்னொரு அட்மின் அதே டைரக்டரியில, லாகின் பண்றவங்களுக்குத் தெரியுற 'இன்றைய அறிவிப்பை'த் திருத்துறார். அந்த எடிட்டரோ ஒரு டைரக்டரியில ஒரு நேரத்துல ஒரே ஆள்தான் வேலை பாப்பார்னு நினைச்சு எழுதினது. தற்காலிக ஃபைலுக்கு எப்பவும் ஒரே பேர்தான் வைக்கும். ரெண்டு பேரோட தற்காலிக ஃபைலும் மாறிப் போச்சு. அன்னைக்கு லாகின் பண்ணின அத்தனை பேருக்கும் அறிவிப்பு வர்ற இடத்துல எல்லாரோட பாஸ்வேர்டும் வரிசையா வந்து விழுந்துச்சு!

பொது இடத்துல ரெண்டு பேர் ஒரே பேர்ல ஒரு பொருளை வச்சா என்ன ஆகும்னு உலகத்துக்குக் கிடைச்ச முதல் பாடங்கள்ல இது ஒண்ணு. நம்ம ஆபீஸ்ல "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதான்"னு பேர் வச்சு அடிச்சுக்கிற சண்டைக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா.

நம்ம ஊருக்கு வந்தா, ஐ.ஐ.டி. கான்பூருக்கு 1963-ல ஐ.பி.எம். 1620 வந்துச்சு. நம்ம சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல ஐ.பி.எம். 370/155 வந்துச்சு. அந்தக் காலத்துல புரோகிராமை ஓட்டை போட்ட அட்டைகளாக் குடுக்கணும். அதனால மெஷின் பொதுவா இருந்தாலும் ஒரு வகையில நம்ம 'ஃபோல்டர்' நம்ம கையிலதான். அட்டைக் கட்டைப் பத்திரமா வச்சுக்கிட்டா போதும். கீழ போட்டுட்டா வரிசை கலைஞ்சுரும், அது வேற சோகம்.

எஃப் டிரைவ் எங்க இருந்து வந்துச்சு?

1981 ஆகஸ்ட்ல ஐ.பி.எம். பி.சி. வருது. முதல் தடவையா ஆளுக்கொரு மெஷின். ஆனா அதுல ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃப்ளாப்பிதான். 1983-ல வந்த எக்ஸ்.டி. மாடல்லதான் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க் வச்சுக் குடுத்தாங்க. பத்து எம்.பி.! இன்னைக்கு நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு காலை வணக்கம் வீடியோ அந்த அளவு இருக்கும். அன்னைக்கு அது யானை விலை. ஒரு ஆபீஸ்ல இருபது பேருக்கும் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கிக் குடுத்தா கட்டுப்படியாகாது.

அதே 1983-ல நாவல் கம்பெனி நெட்வேர்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. ஐடியா ரொம்ப எளிமை. ஒரே ஒரு மெஷின்ல நல்ல பெரிய டிஸ்க்கை மாட்டு. மத்த மெஷின் எல்லாத்தையும் கேபிள் போட்டு இணை. ஒவ்வொருத்தருக்கும் அந்த டிஸ்க்ல ஒரு மூலையை ஒதுக்கி, அவங்க மெஷின்ல அது சொந்த டிரைவ் மாதிரியே தெரிய வை. டாஸ்ல ஏ, பி ரெண்டும் ஃப்ளாப்பிக்கு. சும்மா விட்டா டாஸ் இ வரைக்கும் உள்ள எழுத்துகளைத் தனக்குன்னு எடுத்துக்கும். அதனால நெட்வொர்க்குக்குக் கிடைச்ச முதல் எழுத்து எஃப். நெட்வேர் காலத்து ஆபீஸ்கள்ல "எஃப் டிரைவ்ல பாருங்க"ன்னாலே சர்வர்ல பாருங்கன்னு அர்த்தம். ஹோம்ங்கிறதுக்கு எச்-னு சொந்த ஃபோல்டருக்கு எழுத்து வைக்கிற பழக்கம் இப்பவும் பல கம்பெனிகள்ல இருக்கு. என் தம்பியோட எச் டிரைவும் அந்த வம்சம்தான்.

இங்க ஒண்ணைக் கவனிக்கணும். டிரைவ் எழுத்துங்கிறது ஒரு நல்ல பொய். சி டிரைவ் நம்ம மெஷினுக்குள்ள இருக்கு, எச் டிரைவ் எங்கேயோ ஒரு ஏசி ரூம்ல இருக்கு. ஆனா ஐகான் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி உக்காந்திருக்கும். அந்த வசதிக்காகத்தான் அதைக் கண்டுபிடிச்சாங்க. அதனாலயே அது அடுத்தவன் இடம்ங்கிறது நமக்கு மறந்து போகுது.

நெட்வேர்ல எல்லா அதிகாரமும் உள்ள கணக்குக்கு சூப்பர்வைசர்னு பேர். யாரோட ஃபோல்டரையும் அவர் திறக்கலாம், அழிக்கலாம். ஸால்வேஜ்னு ஒரு வசதியும் இருந்துச்சு. கைத்தவறா அழிச்சதை டிஸ்க்ல வேற எதுவும் அந்த இடத்தை எடுத்துக்கிறதுக்குள்ள மீட்டுறலாம். ஆக, பையை மடியில வச்சுகிட்டு ஒரு ஆள் உக்காந்தாச்சு.

எங்க உக்காந்தாலும் நம்ம மேஜை

இதே நேரத்துல யுனிக்ஸ் பக்கம் வேற ஒரு கனவு ஓடிகிட்டு இருந்துச்சு. எம்.ஐ.டி.யில 1983-ல அத்தேனான்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. 1991 வரைக்கும் நடந்துச்சு. வளாகம் பூரா நிறைய மெஷின். எந்த மெஷின்ல உக்காந்து லாகின் பண்ணினாலும் உன்னோட ஹோம் டைரக்டரி உன் முன்னால வந்து நிக்கணும். மெஷின் யாருதாவும் இருக்கட்டும், ஃபோல்டர் உன்னோடது. இந்த ஆள் நிஜமாவே அவர்தானான்னு நெட்வொர்க் வழியா நம்புறதுக்காக அங்க உருவானதுதான் கெர்பரோஸ். விண்டோஸ் 2000-ல இருந்து மைக்ரோசாஃப்ட்டும் அதைத்தான் எடுத்துக்கிட்டாங்க. காலையில ஆபீஸ் லேப்டாப்புல பாஸ்வேர்ட் தட்டினதும் நம்ம நெட்வொர்க் டிரைவ் திறக்குதே, அதுக்குப் பின்னால பெரும்பாலும் இதுதான் இருக்கு.

சன் கம்பெனி 1980-கள் நடுவுல என்.எஃப்.எஸ்.ஸைக் கொண்டு வந்தாங்க. எங்க காலேஜ் லினக்ஸ் லேப்லயும் அதான். அதோட குணம் ஒண்ணு எனக்கு மறக்காது. சர்வர் விழுந்துட்டா நம்ம மெஷின், சர்வர் பதில் சொல்லலை, இன்னும் முயற்சி பண்ணிகிட்டு இருக்கேன்னு ஒரு வரியைக் காட்டிட்டு அப்படியே உறைஞ்சு நிக்கும். கேபிளைப் பிடுங்கி மாட்டி, சர்வர் எந்திரிச்சதும் விட்ட இடத்துல இருந்து எதுவுமே நடக்காத மாதிரி ஓட ஆரம்பிக்கும். எங்க லேப்ல அந்த வரி வந்தா மொத்த கிளாஸும் டீக்கடைக்குக் கெளம்பிரும். எல்லார் நோட்டும் ஒரே பெட்டியில இருந்தா, பெட்டி பூட்டிக்கிட்ட அன்னைக்கு எல்லாருக்கும் லீவுதான்.

பாஷை தெரியாத கடையில ஆர்டர் பண்றது

இப்ப விண்டோஸ் ஆட்கள் பக்கம். ஐ.பி.எம்.ல பேரி ஃபைகன்பாம்னு ஒருத்தர் 1980-கள்ல எழுதின எஸ்.எம்.பி.ங்கிற நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தாங்க. ரெண்டு சாய்கோடு போட்டு சர்வர் பேரை அடிச்சு ஷேர் ஃபோல்டரைத் திறக்கிறோமே, அது இதுதான். ஆனா விண்டோஸ் மெஷினுங்க பேசுற இந்தப் பாஷை யுனிக்ஸ் மெஷினுங்களுக்குத் தெரியாது.

1991 கடைசியில ஆஸ்திரேலியாவுல கான்பெராவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்னு ஒரு ஆராய்ச்சி மாணவர். தன்னோட பி.சி.யில இருந்து யுனிக்ஸ் டிஸ்க்கை டிரைவா மாட்டணும்னு அவருக்கு ஆசை. கேபிள்ல என்ன போகுது என்ன வருதுன்னு ஒட்டுக் கேட்டே அந்தப் பாஷையைக் கத்துக்கிட்டார். இதைப் பின்னாடி அவரே பிரெஞ்சு ஓட்டலோட ஒப்பிட்டுச் சொல்லியிருக்கார். பாஷை தெரியாம உள்ள போய் உக்காந்து, அடுத்த டேபிள்காரர் எதைச் சொன்னா என்ன வருதுன்னு பாத்தே பழகிக்கிறது. நம்ம ஊர் ஆள் சேரநாட்டுப் பக்கம் போய் சாயா, புட்டுன்னு பழகின மாதிரிதான். 1992 ஜனவரியில அதை எல்லாருக்கும் வெளியிட்டார். பின்னாடி பேர்ல ஒரு சிக்கல் வந்து, எஸ், எம், பி மூணு எழுத்தும் வர்ற வார்த்தையா அகராதியில தேடச் சொல்லி கமாண்ட் குடுத்தப்ப கிடைச்ச பேர்தான் சாம்பா. காசு குடுத்து சர்வர் சாஃப்ட்வேர் வாங்க வழியில்லாத காலேஜ், சின்ன ஆபீஸ் எல்லாம் ஒரு பழைய மெஷின்ல லினக்ஸ் போட்டு நெட்வொர்க் டிரைவ் வச்சுக்க முடிஞ்சதுக்கு இந்த மனுஷன்தான் காரணம்.

இதுல நம்ம தமிழுக்கும் ஒரு கிளைக்கதை இருக்கு. 2003 செப்டம்பர்ல வந்த சாம்பா 3.0-லதான் ஒழுங்கான யூனிகோட் ஆதரவு வந்துச்சு. அதுக்கு முன்னாடி கோட் பேஜ் காலம். நம்ம தமிழுக்குன்னு அதுல இடமே கிடையாது. ஃபைலுக்குத் தமிழ்ல பேர் வச்சு சர்வர்ல போட்டா கேள்விக்குறியாத்தான் முளைக்கும். யூனிகோட் வந்தப்புறமும் ஒரு வில்லங்கம் மிச்சம் இருக்கு. அதை என் தம்பி மூலமாத்தான் கண்ணால பாத்தேன்.

பய ஆச்சியோட ஒரு ரெக்கார்டிங்குக்கு இப்படிப் பேர் வச்சிருந்தான்: "ஆச்சி சின்னப்பிள்ளையா இருந்தப்ப வண்டி கட்டிக்கிட்டு குத்தாலத்துக்குப் போய் மூணு நாள் தங்குன கதை". லேப்டாப்புல சமத்தா இருந்துச்சு. எச் டிரைவுக்கு இழுத்துப் போட்டா பேர் நீளம்னு திட்டுது. "இதென்னண்ணே, அம்பது எழுத்து கூட இல்லையே?"ன்னு கேட்டான். எண்ணிப் பாத்தா நாம எழுதுற கணக்குல 48 எழுத்துதான். ஆனா யூனிகோட்ல புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் குறி. அப்படிப் பாத்தா 85 குறி. விண்டோஸ் டிஸ்க்ல ஒரு பேருக்கு 255 குறி வரைக்கும் இடம், பிரச்சனை இல்லை. அவன் ஆபீஸ் சர்வர் உள்ளுக்குள்ள லினக்ஸ். லினக்ஸ் குறியை எண்ணாது, பைட்டை எண்ணும். அங்க 255 பைட்தான் எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட். 85-ஐ 3-ஆல பெருக்கினா சரியா 255. நடுவுல 10 இடைவெளி, கடைசியில ஃபைல் வகைக்கு 4 எழுத்து. மொத்தம் 269. அவ்ளோதான், கதவைச் சாத்திருச்சு. இங்கிலீஷ்காரனுக்கு 255 எழுத்து குடுக்கிற இடம் நமக்கு 85 குறியோட முடிஞ்சுரும். தமிழ்ல நீளமாப் பேர் வைக்கிற பதிவர்கள் குறிச்சு வச்சுக்கோங்க!

"பேரைச் சுருக்கு"ன்னேன். "ஆச்சி குத்தாலம்"னு மாத்தினான். ஃபைல் உள்ள போயிருச்சு. நான் குடுத்த ஐடியாவை நானே கதவைத் தள்ளி நிறைவேத்தியும் குடுத்தேன்னு இப்ப நினைச்சா கொஞ்சம் வலிக்குது.

நம்மளைக் கேக்காமலே இடம் மாறுற ஃபோல்டர்

விண்டோஸ் 2000-ல ஃபோல்டர் ரீடைரக்ஷன்னு ஒரு வசதி வந்துச்சு. மை டாக்குமெண்ட்ஸ் நம்ம மெஷின்ல இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா அட்மின் அதை சர்வர்ல ஒரு இடத்துக்குத் திருப்பி விட்டிருப்பார். ஜனங்க பேக்கப் எடுக்க மாட்டாங்க, அதனால அவங்களுக்குத் தெரியாமலே பத்திரமான இடத்துல வச்சுருவோம்ங்கிற நல்ல எண்ணம்தான். கூடவே ஆஃப்லைன் ஃபைல்ஸும் வந்துச்சு. சர்வர் கிடைக்காதப்பவும் வேலை நடக்கணும்னு லேப்டாப்புல ஒரு நகல் வச்சுக்கும். 2003 சர்வர்ல பழைய நகலைத் தேதி வாரியா எடுத்துப் பாக்குற வசதியும் சேர்ந்துச்சு. டிஸ்க் போனா, கைத்தவறா அழிச்சா, லேப்டாப் தொலைஞ்சா, எல்லாத்துக்கும் பதில் ரெடி.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லை. அந்த ஆளே இடத்தைக் காலி பண்ணிட்டா?

தம்பி விஷயத்துல நடந்தது அதுதான். வேற கம்பெனியில வேலை கிடைச்சு பழைய இடத்துல பேப்பர் போட்டான். கடைசி நாள் கேக் வெட்டினாங்க, போட்டோ எடுத்துக்கிட்டாங்க, லேப்டாப்பை ஒப்படைச்சான். சாயங்காலம் லாகினை மூடிட்டாங்க. ஆஃப்லைன் நகல் இருந்த லேப்டாப்பும் கையில இல்லை. நாலு நாள் கழிச்சுதான் ஆச்சி ஞாபகம் வந்திருக்கு. பதறிப் போய்க் கேட்டப்ப மரியாதையாத்தான் பதில் சொன்னாங்களாம். வேலையை விட்டவங்க ஃபோல்டரை அழிச்சுர்றது விதி, சொந்த ஃபைலை பேக்கப்ல இருந்து தேடி எடுத்துத் தர வழியில்லைன்னு. அந்தக் கம்பெனி மேல நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்க டிஸ்க், அவங்க விதி. அவங்க பேக்கப் எடுத்தது அவங்க வேலைக்காக, எங்க ஆச்சிக்காக இல்லை.

பொது டிரைவ்ல இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு வீட்டுல தீப்பிடிச்சா தெருவுக்கே பரவுற மாதிரி. 2017 மே 12-ஆம் தேதி கிளம்பின வான்னக்ரை, எஸ்.எம்.பி.யோட முதல் பதிப்புல இருந்த ஓட்டை வழியாத்தான் மெஷின் விட்டு மெஷின் தாவி 150-க்கும் மேற்பட்ட நாடுகள்ல பரவுச்சு. பொதுவா இந்த மாதிரி பணம் பறிக்கிற நிரல்களுக்கு நெட்வொர்க் டிரைவ்னா கொண்டாட்டம். ஒரே ஒரு ஆள் தப்பான ஃபைலைத் திறந்தா போதும், அவர் எழுத அனுமதி உள்ள பொது ஃபோல்டர் அத்தனையும் பூட்டிரும். அந்த வருஷக் கடைசியில வந்த விண்டோஸ் 10 பதிப்புல இருந்து அந்தப் பழைய எஸ்.எம்.பி.யை மைக்ரோசாஃப்ட் சும்மா நிறுவும்போது வைக்கிறதையே பெரும்பாலும் நிறுத்திட்டாங்க. பல ஆபீஸ்ல பழைய ஷேர் திடீர்னு திறக்காம போனதுக்கு அதுதான் காரணம்.

மத்தளம்பாறையும் பெரிய கோயிலும்

பஸ்ல போறப்ப பென் டிரைவை மறந்து வச்சுட்டு வந்த கடுப்புல ட்ரூ ஹூஸ்டன் ஆரம்பிச்சது டிராப்பாக்ஸ். 2008-ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. 2012-ல கூகுள் டிரைவ். கேபிள் ஆபீஸ் சுவரைத் தாண்டி உலகத்துக்கே நீண்டதைத் தவிர அடிப்படை மாறலை. அடுத்தவங்க டிஸ்க்ல நமக்கு ஒரு மூலை, அம்புட்டுத்தான்.

இதுல எங்க ஊருக்கும் ஒரு பங்கு வந்தது சந்தோஷம். சோஹோ 2011-ல தென்காசிப் பக்கம் சின்னதா ஒரு ஆபீஸ் ஆரம்பிச்சப்ப எங்க தெருவுல பாதிப் பேர் நம்பலை. இப்ப மத்தளம்பாறையில வயக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவுல இருந்து உலகத்துக்கு சாஃப்ட்வேர் போகுது. அவங்க 2019-ல வெளியிட்ட ஒர்க்டிரைவ்ல ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சது. தனி ஆளோட ஃபோல்டர் வேற, டீம் ஃபோல்டர் வேறன்னு முதல்லயே கோடு கிழிச்சுர்றாங்க. டீம் ஃபோல்டர்ல போட்டது டீமுக்குச் சொந்தம், போட்ட ஆள் போனாலும் அது இருக்கும். யாரோட பொருள்ங்கிறதை வைக்கும்போதே முடிவு பண்ணிக்கிறது. நாப்பது அம்பது வருஷமா டிரைவ் எழுத்துக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு இருந்த கேள்வி அதுதானே?

தம்பி கேட்ட மறுநாள் சாயங்காலம் மனசு கேக்காம காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனேன். 15-ஆம் நூற்றாண்டுல பராக்கிரம பாண்டியன் கட்டினது. அவன் வெட்டி வச்ச கல்வெட்டுப் பாட்டைப் பத்தி எங்க ஊர்ல ஸ்கூல் பையனுக்குக் கூடத் தெரியும். பின்னாடி ஒரு காலத்துல இந்தக் கோயில்ல பழுது வந்தா, அதைச் சரி பண்ணிக் காப்பாத்துறவங்க காலில இப்பவே விழுந்து கும்பிடுறேன்னு ராஜா சொல்றான். சின்ன வயசுல இதைப் பணிவுன்னு மட்டும்தான் நினைச்சேன். இப்ப ஒரு சர்வர் அட்மினோட தெளிவாவும் தெரியுது. காவல் காக்கிற ஆள் மாறுவான், நான் இருக்க மாட்டேன், அடுத்து வர்றவனை இப்பவே கேட்டுக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவன் நினைச்ச மாதிரியே ராஜகோபுரம் சிதைஞ்சு ரொம்ப காலம் நின்னுச்சு. 1990-ல ஊர்க்காரங்களும் மத்தவங்களும் சேர்ந்து திரும்ப எழுப்பிக் குடமுழுக்கு பண்ணினாங்க. எங்க அப்பா தலைமுறை நேர்ல பாத்தது.

கோயில் சுவர்ங்கிறதே ஒரு காலத்துல ஊரோட பொது டிரைவ்தான். யார் எவ்வளவு நிலம் குடுத்தாங்க, எந்த விளக்குக்கு எத்தனை ஆடு, எந்த வரி தள்ளுபடி, எல்லாம் ஆளாளுக்கு அந்தச் சுவர்லதான் ஏத்தி வச்சாங்க. சுவரை இடிச்சுக் கட்ட வேண்டி வந்தா? திருமழபாடியில அதுக்கும் சாட்சி இருக்கு. ராஜராஜ சோழன் தன்னோட 28-ஆவது ஆட்சியாண்டுல அந்தக் கோயில் விமானத்தைப் புதுசாக் கட்டச் சொன்னப்ப, இடிக்கிறதுக்கு முன்னாடி சுவர்ல இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்துல படியெடுத்துக்கச் சொன்னான். பின்னாடி ராஜேந்திரன் காலத்துல அதெல்லாம் புதுச் சுவர்ல மறுபடி வெட்டப்பட்டுச்சு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, மாத்துறதுக்கு முன்னாடி பேக்கப்! எங்க டீம்ல இதைச் செய்ய மறந்து நாங்க வாங்கிக் கட்டிக்கிட்டது தனிப் பதிவு போடலாம்.

அந்தப் பிரகாரத்துல உக்காந்து யோசிச்சதுல நான் தம்பிக்குச் சொல்லாம விட்ட பாதி இதுதான்னு தோணுச்சு. நெட்வொர்க் டிரைவ் பத்திரமான இடம்தான். ஆனா அது இடத்தோட குணம் இல்லை, அங்க உக்காந்து காக்கிற ஆளோட குணம். அந்த ஆள் யாரு, யாருக்காகக் காக்கிறாரு, எப்ப எந்திரிச்சுப் போவாருன்னு தெரியாம பொருளைக் குடுத்துட்டு நாம பாட்டுக்கு அருவியில நிக்கக் கூடாது. வேலைக்கான ஃபைல் ஆபீஸ் டிரைவ்ல இருக்கட்டும். ஆச்சி குரல் அங்க இருக்கக் கூடாது. இருந்தாலும் ஒரு நகல் நம்ம வீட்டு டிஸ்க்ல, இன்னொண்ணு வெளியூர்ல இருக்கிற யாராவது ஒருத்தர்கிட்ட இருக்கணும்.

ஊர்ல இருந்து கிளம்புறதுக்குள்ள நானும் அவனும் தேடாத இடமில்லை. குடும்ப வாட்ஸப் குரூப்ல அவன் எப்பவோ அனுப்பினதை சித்தப்பா போன்ல இருந்து நாலு எடுத்தோம். சித்தியோட பழைய போன் மெமரி கார்டுல ரெண்டு இருந்துச்சு. 41-ல 6. வண்டி கட்டிக் குத்தாலம் போன கதை கிடைக்கலை. சொதிப் பக்குவம் கிடைச்சுது. அதுல பாதியில, "போதும்ல, அணைச்சுட்டுச் சாப்பிட வா"ன்னு ஆச்சி அவனை வையுறது கேக்குது. ஆறையும் மூணு இடத்துல போட்டு வச்சிருக்கோம். ஒண்ணு எங்க வீட்டு டிஸ்க்ல, ஒண்ணு சித்தி வீட்டுல, ஒண்ணு மேகத்துல. மேகத்துல இருக்கிறதோட பாஸ்வேர்டை எழுதி அம்மா பீரோவுல, ரேஷன் கார்டு கூட வச்சிருக்கு.

கடைசி நாள் எல்லாருமா ஐந்தருவிக்குப் போனோம். பையை யார் பாத்துக்கிறதுன்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். தம்பி வாங்கி மடியில வச்சுகிட்டு உக்காந்தான். "நீங்க குளிங்கண்ணே, நான் அப்புறம் குளிச்சுக்கிறேன்"ன்னான்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு அப்படியே அடுத்த பதிவுக்குத் தாவாம, உங்க ஆபீஸ் டிரைவ்ல உங்க சொந்தப் பொருள் என்ன கெடக்குன்னு ஒரு தடவை திறந்து பாத்துருங்க. யார் குரலாவது அதுல இருந்தா இன்னைக்கே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க. இதே மாதிரி தொலைச்சவங்க, தொலைச்சு மீட்டவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. மீட்ட வழி தெரிஞ்சா தம்பி உங்களுக்கு பார்டர் பரோட்டா வாங்கித் தர்றதா சொல்லியிருக்கான் :-)